ஒழுகியது வாய், அடைபட்டது மூக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

இரண்டு வயது நான்கு மாதப் பையன். அம்மாவின் இடுப்பிலிருந்து இறங்கும்போதே கழுத்தில் கட்டியிருந்த துண்டு நனைந்திருந்தது. அதற்குள் இருந்த பனியனும் நெஞ்சு வரை ஈரம். கீழ் உதட்டுக்கு அடியில் தோல் சிவந்து, ஓரத்தில் லேசாக உரிந்திருந்தது. பையில் இன்னும் ஆறு துண்டுகள் துவைத்து மடித்து வைத்திருந்தார்கள். "ஒரு நாளைக்கு ஏழெட்டு மாத்திருவோம் மேடம்" என்றார் அம்மா.

நான் திருநெல்வேலிப் பக்கம் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். பெற்றோரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். யாரென்று தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர்கள் சொன்ன குறை இரண்டு. வாய் ஒழுகுகிறது, பேச்சு வரவில்லை. இரண்டையும் தனித்தனியாகச் சொன்னார்கள். நானும் தனித்தனியாகத்தான் எழுதிக்கொண்டேன்.

நிறைமாதப் பிரசவம். பிறந்தவுடன் அழுதிருக்கிறான். 7 மாதத்தில் உட்கார்ந்தான், 13 மாதத்தில் நடந்தான். வலிப்பு வந்ததில்லை, தொடர்ந்து எந்த மருந்தும் கிடையாது. வலிப்பைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. க்ளோபசாம், க்ளோனசிபாம் போன்ற வலிப்பு மருந்துகள் சில பிள்ளைகளுக்கு எச்சில் ஒழுகலைக் கூட்டும். 9 மாதத்தில் கட்டியாகச் சோறு கொடுத்தபோது ஓங்கரித்தான் என்று அன்றிலிருந்து எல்லாம் மிக்ஸியில் அரைத்துத்தான். பால் இன்னும் பாட்டிலில், நாளைக்கு மூன்று முறை, ராத்திரி ஒன்று அதில் சேர்த்தி. சளி? "அது எப்பவும் இருக்கும் மேடம், இந்த வயசுப் பிள்ளைக்கு இருக்கத்தானே செய்யும்." தூக்கம்? "அவங்க அப்பா மாதிரியே குறட்டை விடுவான்" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தபடியே எழுதிக்கொண்டேன். அந்த வரிக்கு அடியில் அன்றே கோடு போட்டிருக்க வேண்டும்.

கூட வந்திருந்த ஆச்சியிடம் வேறொரு காரணம் தயாராக இருந்தது. ஆச்சி என்றால் அம்மாவைப் பெற்றவர். "மாசமா இருக்கையில பலாச்சுளை கேட்டா. சூடுன்னு அந்த வீட்டுல குடுக்கல. வயித்துப்பிள்ளைக்காரி ஆசைப்பட்டது கிடைக்கலன்னா பிள்ளைக்கு வாய் ஒழுகத்தான செய்யும்." அம்மா தலையைக் குனிந்துகொண்டார். இந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. கேட்டு விட்டுவிடக்கூடியதும் இல்லை, ஏனென்றால் அதற்குள் சம்பந்தி வீட்டுச் சண்டை ஒன்று ஒளிந்திருக்கிறது. பலாச்சுளைக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று ஆச்சியின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டேன். பேச்சு வரட்டும் என்று நாக்கில் வசம்பு தேய்ப்பதையும் நிறுத்தச் சொன்னேன். அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்க்க 1968 முதல் தடை இருக்கிறது என்றபோது ஆச்சிக்கு நம்பிக்கை வரவில்லை. "நாங்கல்லாம் அதுல வளந்தவங்கதான்" என்றார். ஆனால் நிறுத்திவிட்டார், அதுதான் வேண்டியது.

ஒன்றரை வயது வரை எச்சில் ஒழுகுவது வெகு சாதாரணம். பல் முளைக்கும்போது இன்னும் கொஞ்ச நாள் நீளும். 4 வயதுக்கு மேலும் விழித்திருக்கும்போது ஒழுகினால்தான் அதைக் கோளாறு என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கில் இந்தப் பையனிடம் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று சொல்லியிருந்தாலும் தப்பில்லை. பொறுக்க விடாதது, ஒழுகிய அளவும் அவனிடம் இருந்த சொற்களின் எண்ணிக்கையும். எட்டே சொற்கள். 2 வயதில் ஐம்பது சொற்களாவது இருக்கும், இரண்டிரண்டு சொல்லைச் சேர்க்கத் தொடங்கியிருக்கும் என்பது நாங்கள் வழக்கமாக வைத்திருக்கும் அளவு. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவான, மூன்று வயது வரைக்குமான மொழி அளவுகோலில் அவன் புரிந்துகொள்வது வயதுக்குச் சற்றுப் பின்னால் இருந்தது, பேசுவது நன்றாகவே பின்தங்கியிருந்தது.

ஒழுகலை அளக்கவும் வழி இருக்கிறது. தாமஸ்-ஸ்டோனெல், கிரீன்பெர்க் இருவரும் 1988இல் கொடுத்த அளவுகோலில் கடுமைக்கு 1 முதல் 5, எத்தனை தடவை என்பதற்கு 1 முதல் 4. உடை, கை, பொம்மை எல்லாம் நனைந்தால் 5. இவனுக்கு 5, 3. ஆனால் எனக்குப் பிடித்தது இன்னொரு முறை. போனில் 15 விநாடிக்கு ஒரு மணி வைத்துக்கொண்டு 10 நிமிடம் பார்க்க வேண்டும். மணி அடிக்கும்போதெல்லாம் உதட்டு ஓரத்தில் புது எச்சில் இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் குறிக்க வேண்டும். மொத்தம் 40 பார்வை. அவன் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது 40இல் 27 தடவை ஒழுகியது. மூன்றாவது கட்டையை வைக்கும்போது மூச்சைப் பிடிப்பதுபோல ஒரு கவனம் வரும். அப்போது கீழ் உதடு தொங்கி, நூல்போல இறங்கி, கட்டையின் மேல் விழும். கட்டை வழுக்கும். அவன் அதைப் பனியனில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பான். எச்சில் நாடியில் வழிவது அவனுக்குத் தெரிந்த மாதிரியே இல்லை. அடுத்த 5 நிமிடம் அவன் தொண்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டே இரண்டு முறைதான் விழுங்கினான்.

பெரியவர்களுக்கே ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறும். ஒழுகும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஊறுவது அதிகமில்லை, விழுங்குவதுதான் குறைவு. இது பாடத்தில் படித்தது. ஏன் விழுங்கவில்லை என்ற கேள்வியைத்தான் நான் அவசரப்பட்டு மூடிவிட்டேன். வாய் திறந்தே இருக்கிறது, ஆகவே உதட்டுக்கு வலுவில்லை, ஆகவே உதட்டுப் பயிற்சி என்று முதல் நாளே திட்டம் எழுதிவிட்டேன். இதற்கு முன் அவர்கள் போயிருந்த ஓர் இடத்தில் இரண்டு மாதம் விசில் ஊதவும் சோப்புக் குமிழி ஊதவும் வைத்திருந்தார்கள். ஊதுவதால் பேச்சு வரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை என்று வகுப்பெடுக்கிற நானே, பெயரை மாற்றி அதன் தங்கச்சியை எழுதி வைத்திருந்தேன். இரண்டு வாரம் போனது. பையன் என் கையைத் தட்டிவிடக் கற்றுக்கொண்டான். வேறு முன்னேற்றம் இல்லை.

மூன்றாவது தடவை வந்தபோது, பஸ்ஸில் வந்த களைப்பில் அம்மா மடியிலேயே தூங்கிப்போயிருந்தான். எழுப்ப மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறந்திருந்தது. மூச்சு விடும் சத்தம் மேசைக்கு இந்தப் பக்கம் கேட்டது. ஒரு எவர்சில்வர் ஸ்பூனைத் தண்ணீரில் நனைத்துக் குளிர வைத்து, துடைத்து, மூக்குக்கு அடியில் பிடித்தேன். ஸ்பூன் பளபளவென்றே இருந்தது. அரை அங்குலம் இறக்கி வாய்க்கு நேரே பிடித்தேன். சட்டென்று ஆவி படிந்தது. எழுந்தபின், விளையாட்டுபோல இரண்டு உதட்டையும் விரலால் மெல்லச் சேர்த்தேன். மூன்று எண்ணுவதற்குள் தலையைத் திருப்பி வாயைத் திறந்துகொண்டான்.

விழுங்க வேண்டுமானால் உதடு சேர வேண்டும், மூச்சு ஒரு கணம் நிற்க வேண்டும். வாயாலேயே மூச்சு விடுகிறவனுக்கு ஒவ்வொரு விழுங்கலும் ஒரு மூச்சுக்குச் செலவு. அதனால் அவன் தள்ளிப்போடுகிறான். கட்டை அடுக்கும்போது இன்னும் தள்ளிப்போடுகிறான். அந்த உதட்டுக்கு வலு இல்லாமல் இல்லை. அதை மூடினால் மூச்சுக்கு வழியில்லை.

அன்று மாலை அவன் எட்டுச் சொற்களின் பட்டியலை மறுபடி எடுத்தேன். அதில் "அப்பா" இருந்தது, "அம்மா" இல்லை. முதல் நாள் அம்மா இதைச் சொல்லும்போது குரல் கம்மியது. "என்னையும் அப்பான்னுதான் கூப்பிடுதான் மேடம். ஆச்சியையும் அப்படித்தான். நான்தான் நாள் பூரா வச்சிருக்கேன்." பதிவு செய்திருந்ததைப் போட்டுக் கேட்டேன். அவன் அப்பாவைக் கூப்பிடுவதற்கும் அம்மாவைக் கூப்பிடுவதற்கும் வித்தியாசம் இருந்தது. அப்பாவுக்கு வன்மையான ப. அம்மாவைப் பார்த்துச் சொன்னதில் "பஸ்" என்னும்போது வருகிற ப. மூக்கைப் பிடித்துக்கொண்டு நீங்களே "அம்மா" என்று சொல்லிப் பாருங்கள், அதுதான் வரும். "மாமா"வை அவன் "பாபா" என்றான், நாயைப் பார்த்து "தாய்" என்றான், "தோசை" என்னும்போது வருகிற த. ம, ந இரண்டுக்கும் காற்று மூக்கு வழியாகப் போக வேண்டும். இவனுக்கு அந்த வாசல் அடைத்திருந்தது. இரண்டு வருடமாக இல்லாவிட்டாலும் பல மாதங்களாக அவன் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். போனில் சொன்னபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவருக்குக் கடிதம் எழுதினேன். அதற்கு முன் மற்றவற்றைச் சரிபார்த்தேன். நாக்கு எல்லாப் பக்கமும் போகிறது, மேலே தூக்குகிறான். அடிநாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்ட வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். ஒட்டவில்லை. ஒட்டியிருந்தாலும் வாய் ஒழுகுவதற்கு அது பொதுவாகக் காரணமாகாது. பல் சொத்தை இல்லை. கை கால் இறுக்கமோ தளர்ச்சியோ இல்லை, குடிக்கும்போது புரையேறுவதில்லை. இந்தக் கடைசி இரண்டில் ஒன்று இருந்திருந்தாலும் கடிதம் நரம்பியல் பக்கம் போயிருக்கும். இடையில் ஒன்று: இதுவரை ஒழுகாத பிள்ளைக்குத் திடீரென்று எச்சில் வழிந்து, விழுங்க முடியாமல், காய்ச்சலோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் அது என்னிடம் வருகிற விஷயமே இல்லை. தொண்டையில் வீக்கமோ, பட்டன் பேட்டரி போன்ற எதையாவது விழுங்கியதோ காரணமாக இருக்கலாம். நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயில் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதை பெருத்து, காற்றுப் பாதை நூலாகத் தெரிந்தது. இரண்டு காதிலும் நடுச்செவி அழுத்தச் சோதனையின் கோடு மேடே இல்லாமல் தட்டையாக வந்தது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்குப் போகும் குழாயின் வாயையும் பெருத்த அடினாய்டு அடைத்துவிடும். ஒலிபெருக்கி வழியாகச் செய்த கேட்டல் சோதனையில் 35 டெசிபல் அளவுக்குத்தான் திரும்பிப் பார்த்தான், அதைவிட மெல்லிய சத்தத்துக்குத் திரும்பவில்லை. முழுச் செவிடு இல்லை. கதவு சாத்தினால் திரும்புவான், பிஸ்கட் கவரைப் பிரித்தால் ஓடி வருவான். அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் சொல்லின் கடைசி எழுத்தும் மெல்லிய ஒலிகளும் அவன் காதுக்கு வரும்போது கரைந்துவிடும். டிவி ஓடும் வீட்டில் பின்னாலிருந்து பேசுவது பாதிதான் போய்ச் சேரும். தனித்தனியாக எழுதிய இரண்டு குறைக்கும் இப்போது ஒரே வேர்.

மருத்துவர் உப்புநீர்ச் சொட்டு மருந்தும் மூக்கு ஸ்பிரேயும் எழுதினார், மூன்று மாதம் பார்ப்போம், நீர் வடியாவிட்டால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம் என்றார். ஸ்பிரேயை நடுத் தண்டைப் பார்த்து அடிக்காமல், அந்தப் பக்கக் காதை நோக்கிச் சாய்த்து அடிக்க வேண்டும். இதை அப்பாவுக்குப் பொம்மையின் மூக்கில் செய்து காட்டினேன்.

உதட்டுப் பயிற்சித் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, நாங்கள் முதலில் கைவைத்தது "துடை" என்ற சொல்லில். அங்கே "வாயத் தொட" என்பார்கள். 40 நிமிடத்தில் அந்த வீட்டார் 14 தடவை அதைச் சொன்னதை எண்ணியிருந்தேன். ஒவ்வொரு தடவையும் துண்டால் இழுத்துத் துடைப்பார்கள், அவன் முகத்தைச் சுளிப்பான். அவனைப் பார்த்து அந்த வீட்டில் அதிகம் சொல்லப்பட்ட சொல் அதுதான். இழுத்துத் துடைக்காமல் நாடியிலும் உதட்டுக்குக் கீழும் அழுத்தி ஒற்றி எடுக்கச் சொன்னேன், பேசாமல். பிறகு கண்ணாடி முன்னால், "ஈரமா? காஞ்சிருச்சா?" என்று அவனையே தொட்டுப் பார்க்க வைத்தோம். ஈரம் என்று தெரிந்தால்தான் விழுங்கத் தோன்றும். தோலுக்குக் குழந்தை மருத்துவர் கொடுத்த களிம்பு இரண்டு வாரத்தில் சிவப்பை ஆற்றிவிட்டது.

பாட்டிலை நிறுத்துவதுதான் பெரும்பாடாகிவிட்டது, அதுவும் நான் எதிர்பாராத இடத்தில். பாட்டிலுக்குப் பதில் டம்ளர் என்றேன். அடுத்த வாரம் அவன் டம்ளரில்தான் குடித்தான், ஆனால் அண்ணாந்து. ஆச்சி பழக்கியிருந்தார். தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பிளந்து, மேலிருந்து ஊற்ற, பாதி உள்ளே, பாதி பனியனில். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய சாமர்த்தியம்தான். ஆனால் எனக்கு வேண்டியது உதடு டம்ளர் விளிம்பைக் கவ்வுவது. அண்ணாந்து குடிப்பதில் உதட்டுக்கு வேலையே இல்லை. "வாய் வச்சுக் குடிக்கட்டும் ஆச்சி" என்றேன். "எச்சி பண்ணிக் குடிக்கவா சொல்லித் தாரீங்க?" என்று கேட்டார். கோபம் இல்லை, நிஜமான திகைப்பு. எச்சில் ஒழுகுகிற பிள்ளையைச் சரிசெய்ய வந்த இடத்தில் எச்சில் பண்ணச் சொல்கிறாளே என்று இருந்திருக்கும். கடைசியில் ஒப்பந்தம் இப்படி முடிந்தது. அவனுக்கென்று ஒரு குட்டி டம்ளர். அடியில் நெயில் பாலிஷால் ஒரு பூ. அதை வேறு யாரும் தொடுவதில்லை. ஆச்சியே கடைக்குப் போய் வாங்கி வந்தார்.

டம்ளரில் கால் பாகம் மட்டும் ஊற்றி, தலை நிமிராமல், ஒரு வாய், கீழே வைப்பது, மறுபடி ஒரு வாய். மூக்கு கொஞ்சம் திறந்தபின், ஆறாவது வாரத்திலிருந்து ஸ்ட்ரா. இளநீர்க் கடை ஸ்ட்ராவை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, பல்லால் கடிக்காமல் உதட்டால் மட்டும் பிடிக்கும்படி நுனியை மட்டும் உள்ளே வைத்தோம். மூக்கு அடைத்திருக்கும் நாளில் ஸ்ட்ரா வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

மிக்ஸியை ஒரே நாளில் நிறுத்தவில்லை. முதலில் கையால் குழைத்த பருப்புச் சோறு, அப்புறம் இட்லியை விரல் அளவு துண்டாக்கி, அப்புறம் தோசையின் முறுகல் ஓரம், வேகவைத்த கேரட். துண்டை முன்பல்லில் கொடுக்காமல் கடைவாய்ப் பக்கம் வைத்தால் நாக்கு பக்கவாட்டில் போய் வேலை செய்யும். ஓங்கரித்தால் பதறாமல் காத்திருங்கள் என்றேன். ஓங்கரிப்பு வேறு, மூச்சடைப்பு வேறு. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று செய்து காட்டினேன். நிலக்கடலையும் முழுத் திராட்சையும் கிட்டவே வரக்கூடாது. பனங்கிழங்கு கொடுக்கலாமா என்று அப்பா கேட்டார். நாரோடு கூடியது, இந்த வயதுக்கு வேண்டாம்.

மொழிப் பயிற்சி முழுக்க வீட்டார் பேசும் விதத்தைப் பற்றியது. டிவியை அணைப்பது. ஒரு கை தூரத்தில், முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசுவது. "இது என்ன? சொல்லு, சொல்லு" என்ற விசாரணையை நிறுத்துவது. அவன் பந்தைத் தூக்கினால் "பந்து" என்று சொல்லிவிட்டுப் பத்து எண்ணும்வரை சும்மா இருப்பது. அவன் "பந்து" என்றால் நாம் "பெரிய பந்து" என்று ஒரு சொல் மட்டும் கூட்டுவது. சும்மா இருப்பதுதான் அம்மாவுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. நான்கு எண்ணுவதற்குள் அவரே பதில் சொல்லிவிடுவார். உதடு சேரும் சொற்களாகப் பார்த்து விளையாட்டில் போட்டேன்: பாம்பு, பாப்பா, பூ, மாம்பழம். இதை உதட்டுக்குப் பயிற்சி என்று நினைத்துச் செய்யவில்லை. வாயைப் பார்த்தாலே கண்டுபிடிக்கக்கூடிய ஒலிகள் என்பதால், மந்தமாகக் கேட்கிற பிள்ளைக்கு அவை எளிது.

எண்கள் இப்படிப் போயின. முதலில் 40க்கு 27. ஆறாவது வாரம் 19. மூன்றாம் மாத முடிவில் 9. ஐந்தாம் மாதம் 6. துண்டு நாளைக்கு ஒன்றாகி, பிறகு பையிலேயே இருந்தது. மூன்று மாதத்தில் வலது காதின் கோடு மேடெடுத்தது. இடது காது மேலும் ஒரு மாதம் அடம் பிடித்தது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது அதிலும் நீர் வடியத் தொடங்க, மருத்துவர் தள்ளிவைத்தார். சொற்கள் ஐந்தாம் மாதம் எழுபதைத் தாண்டின, "ஆச்சி வா", "பஸ் போச்சு" என்று இரண்டும் சேர்ந்தன. இதில் எவ்வளவு ஸ்பிரே, எவ்வளவு டம்ளர், எவ்வளவு வயது ஏறியதால் தானாக வந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தன. அந்த இரண்டு வார உதட்டுப் பயிற்சியில் மட்டும் ஒன்றும் நகரவில்லை என்பது தாளில் இருக்கிறது.

"அம்மா" வந்தது நான்காம் மாதம். என் அறையில் வரவில்லை, நான் பார்க்கவும் இல்லை. காலையில் பாத்ரூம் கதவைத் தட்டிக் கூப்பிட்டிருக்கிறான். அவர் குளித்துக்கொண்டிருந்தாராம். யாரோ வேறு பிள்ளை என்று நினைத்துவிட்டாராம்.

ஐப்பசி மழை தொடங்கியதும் சளி பிடித்தது. எண்ணிக்கை 16க்கு ஏறியது, "மாமா" மறுபடி "பாபா" ஆனது. ஆச்சிதான் போன் பண்ணினார். "மேடம், துண்டு மறுபடி வெளிய வந்திருச்சு. மூக்கும் அடச்சிருக்கு. ஸ்பூன் வச்சுப் பாத்துட்டேன்" என்றார். வலப்பக்கம் லேசாக ஆவி படிகிறது, இடப்பக்கம் சுத்தமாக இல்லை என்று விவரமும் சொன்னார். ஸ்ட்ராவை அவரே நிறுத்தி வைத்திருந்தார். சளி விட்டதும் ஒழுகல் இரண்டு வாரத்தில் பழைய அளவுக்கு இறங்கியது. தூங்கும்போது வாய் இன்னும் லேசாகத் திறந்துதான் இருக்கிறது. மழைக்காலம் முடிந்து தை மாதம் காதை மறுபடி சோதிக்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.